அடக்கும் சொல்லும் அணைக்கும் சொல்லும்

ஒரு மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் அரசர்தம் மெய்க்கீர்த்திகளையும் நாடிச் செல்வர். வீட்டுத் திண்ணையிலும் அடுப்படியிலும் நாள்தோறும் ஒலித்து மறையும் சொற்களை அவர்கள் பெரிதாகக் கருதுவதில்லை. ஆயினும் ஒரு சமுதாயத்தில் பெரியோர் சிறியோரை எவ்வாறு மதித்தனர் என்பதை அறிய அச்சொற்கள் நல்ல சான்றுகளாகும். அவற்றுள்ளும் குழந்தைகளை அமைதிப்படுத்துதற்குப் பெற்றோர் வழங்கும் சொற்கள் தனித்து ஆராயத் தக்கவை. தமிழ்க் குழந்தை கேட்டுப் பழகும் முதற் கட்டளைகளுள் ‘வா’, ‘தா’ என்பவற்றுக்கு அடுத்து வருவது ‘சும்மா இரு’ எனலாம்.

இச்சொற்களைத் தமிழில் மூன்று வகையாகப் பகுக்கலாம். முதல் வகை, குழந்தையின் இருப்பைச் சுட்டுவது. ‘சும்மா இரு’, ‘பேசாமல் இரு’, ‘அமைதியாய் இரு’ என்பன அவ்வகையின. இரண்டாம் வகை, குழந்தையின் வாயைச் சுட்டுவது. ‘வாயை மூடு’, ‘வாயைப் பொத்து’, ‘வாய் காட்டாதே’ என்பன அவ்வகையைச் சாரும். மூன்றாம் வகை, வேறொருவரைக் காட்டி அஞ்ச வைப்பது. ‘பூச்சாண்டி வருகிறான்’ என்பது அதற்கு எடுத்துக்காட்டு. இம்மூவகைக்கும் பின்னால் மூவேறு வாழ்க்கைப் போக்குகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிந்தால், தமிழ்ப் பிள்ளைகள் தமிழிற் பேசத் தயங்குவது ஏன் என்னும் வினாவுக்கும் ஒருவாறு விளக்கம் கிடைக்கும்.

சொல்லின் தரம்

ஒரு செயலைச் செய்யச் சொல்லும்போது, சொல்பவர் யார், கேட்பவர் யார் என்பதற்கேற்பச் சொல் மாறும் என்பதைத் தமிழ் இலக்கணம் மிகப் பழங்காலத்திலேயே கண்டறிந்தது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் எச்சவியல் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களை எடுத்துக்கொள்கிறது. மூன்றும் ஒரு பொருளை வேண்டும் சொற்களே. ஆயினும் தாழ்ந்தவன் உயர்ந்தவனிடம் வேண்டும்போது ஈ என்றும், ஒத்தவன் ஒத்தவனிடம் வேண்டும்போது தா என்றும், உயர்ந்தவன் தாழ்ந்தவனிடம் கேட்கும்போது கொடு என்றும் வரும் என அந்நூல் வகுத்துக் காட்டுகிறது. அதே அதிகாரத்தின் கிளவியாக்கம், ஒருவரைப் பன்மைச் சொல்லால் உயர்த்திக் கூறுவது இலக்கண முறையன்று என்றும், உலக வழக்கில் அது உண்டு என்றும் ஒப்புக்கொள்கிறது. இக்காலத்தார் ‘நீங்கள்’, ‘வாருங்கள்’ என ஒருவரையே பன்மையில் அழைக்கும் மரபுக்கு அது பழஞ்சான்றாகும்.

இந்நுட்பம் குழந்தைகளிடம் பேசும் பேச்சிலும் இயங்குகிறது. ‘இரு’ என்பது பகுதி மட்டும் நின்ற ஏவல். அதனோடு விளிச்சொல் ஒன்றைச் சேர்த்து ‘இரப்பா’, ‘இரம்மா’ என்றவுடன் கட்டளை கெஞ்சலாகக் கனிகிறது. ஈன்ற மகனையே ‘அப்பா’ என்றும், மகளையே ‘அம்மா’ என்றும், சிறுவனை ‘ஐயா’ என்றும் அழைப்பது தமிழர் வீடுகளில் இயல்பு. பாட்டனின் பெயரைத் தாங்கியவனே பெயரன், அஃதாவது பேரன். மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லாத காலத்தில், அப்பெயரைத் தாங்கிய தன் மகனை அவள் பெயர் சொல்லி அதட்டவும் இயலாது. ஆதலின் ‘ஐயா’, ‘ராசா’ என்னும் சொற்களே அவள் நாவில் வந்தன. அதட்ட வந்தவளும் மரியாதைச் சொல்லோடுதான் அதட்டினாள்.

யாழ்ப்பாணத் தமிழில் இத்தரம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. அங்கே ‘இரு’, ‘இரும்’, ‘இருங்கோ’ என மூன்று படிகள் உண்டு. சிறு பிள்ளையிடமும் ‘சத்தம் போடாமல் இருங்கோ’ என்று பன்மையிற் சொல்லும் வழக்கம் அங்குள்ள குடும்பங்களில் காணப்படும். பிள்ளை பெரியவர்களிடம் எவ்வாறு பேச வேண்டுமோ, அவ்வாறே பெரியவர்கள் பிள்ளையிடம் பேசிப் பழக்குகிறார்கள். ஆங்கிலேயர் காலத்தில் மலாயாவுக்கு எழுத்தராகவும் இரயில்வே ஊழியராகவும் வந்த யாழ்ப்பாணத்தார் இவ்வழக்கையும் உடன் கொண்டுவந்தனர்.

கடுமைச் சொற்களிலும் தரம் உண்டு. ‘இரு’ என்னும் வினையை நீக்கி ‘கிட’ என்பதை அவ்விடத்தில் வைத்தால் சொல் தாழ்ந்துவிடுகிறது. ‘கம்மென்று கிட’ என்பதில், இருக்க வேண்டிய பிள்ளை கிடக்கும் பொருளாக இறக்கப்படுகிறது. வினாவாகக் கேட்பது எப்போதும் பணிவன்று. ‘சற்றுச் சும்மா இருக்கிறாயா, கண்ணே?’ என்பது வேண்டுகோள். ‘சும்மா இருக்க மாட்டாய்?’ என்பதோ அடிக்கு முன்னுரை. ‘சத்தம் போடக் கூடாது’ என்பதில் முன்னிலையே இல்லை. அது பிள்ளையைக் குற்றஞ்சாட்டாமல் விதியை மட்டும் சொல்கிறது. ‘நல்ல பிள்ளை அழமாட்டாள்’ என்று படர்க்கையில் கூறுவது, பிள்ளை தானே அந்த நல்ல பிள்ளையாக விரும்பும்படி செய்கிறது.

மழலைக்கு இருந்த மதிப்பு

குழந்தையின் ஓசையைத் தொல்லையாகக் கருதும் போக்குப் பழந்தமிழ் இலக்கியத்தில் முதன்மை பெறவில்லை. திருக்குறளின் மக்கட்பேறு என்னும் ஏழாம் அதிகாரம் மழலையின் இனிமையைக் குழலுக்கும் யாழுக்கும் மேலாக வைத்துப் பேசுகிறது. அடக்கமுடைமைக்குத் தனி அதிகாரம் வகுத்த அதே நூல், நாவைக் காக்கும் கடமையை உலகத்தார் அனைவர்க்கும் உரிய அறமாகவே கூறுகிறது. பேச்சில் அடக்கம் சிறுவர்க்கு மட்டும் விதிக்கப்பட்ட தண்டனை என்னும் எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. இன்சொல் பேசுதலும் பயனில சொல்லாமையும் பெற்றோரையும் கட்டுப்படுத்தும் அறங்களேயாம்.

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கியத்தை நோக்கினால் இக்கருத்து மேலும் உறுதிப்படும். 12ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய குலோத்துங்க சோழன் பிள்ளைத்தமிழ் முதலாகத் தொடர்ந்து வளர்ந்த அவ்விலக்கிய வகை, குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுக்கிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களுள் ஒன்று சிறுபறை. சிறுவன் சிறு பறையை முழக்கி விளையாடுவதை ஒரு பருவமாகவே வகுத்து, அம்முழக்கத்தை எழுப்புமாறு புலவர் வேண்டிப் பாடுகின்றனர். பேரோசை எழுப்பும் பிள்ளையைப் ‘பறையை நிறுத்து’ என்று அதட்டாமல் ‘பறையை முழக்கு’ என்று பாடிய மரபு அது.

அதே பத்துள் தாலப் பருவம் ஒன்று. தால் என்பது நாவைக் குறிக்கும். நாவை அசைத்து ஒலி எழுப்பிக் குழந்தையைத் துயிற்றுவதே தாலாட்டு. அழும் பிள்ளையின் வாயை அடைக்காமல், தன் வாயைத் திறந்து பாடி அமைதிப்படுத்தினாள் தமிழ்த்தாய். தமிழ்க் குழந்தை பெற்ற முதல் அமைதி அதட்டலால் வந்ததன்று, பாட்டால் வந்தது. மாமன் சீரும் பாட்டன் பெருமையும் ஊர்ச் செய்தியும் அப்பாட்டினூடே குழந்தையின் காதில் நுழைந்தன. மொழி வளம் முழுவதையும் அள்ளிக் கொடுத்தே அன்னை அழுகையை ஆற்றினாள் என்க.

குருவின் சொல்லும் தாயின் சொல்லும்

‘சும்மா இரு’ என்னும் தொடருக்குத் தமிழில் உள்ள பெருமை வியக்கத் தக்கது. பிள்ளையின் குறும்பு தாங்காத தாய் சொல்லும் இச்சொல்லே, ஞானாசிரியர் மாணாக்கனுக்கு அருளும் உபதேசமாகவும் வழங்கி வந்துள்ளது. 15ஆம் நூற்றாண்டினராகக் கருதப்படும் அருணகிரிநாதர், முருகன் தமக்கு உரைத்த உபதேசமாக இதனைக் கந்தர் அநுபூதியிற் போற்றினார். 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாயுமானவர் சும்மா இருக்கும் சுகத்தை மீண்டும் மீண்டும் பாடினார். திருவண்ணாமலையில் வாழ்ந்து 1950ஆம் ஆண்டில் மறைந்த இரமண மகரிசியின் போதனைக்கும் இதுவே சாரமாயிற்று.

இத்தொடரில் வாய் என்னும் உறுப்புக்குப் பேச்சில்லை; ‘பேசாதே’ என்னும் எதிர்மறையும் இல்லை. ‘இரு’ என்னும் உடன்பாட்டுச் சொல்லே உள்ளது. கேட்பவரை அது ஓர் உறுப்பாகப் பிரிக்காமல் முழு ஆளாக ஏற்கிறது. மேலும், வீட்டு வழக்கில் இத்தொடருக்கு முன்னால் ‘சற்று’, ‘கொஞ்சம்’ என்னும் சொற்கள் வந்து சேர்ந்துகொள்ளும். கொங்கு நாட்டார் ‘சித்த’ என்பர். தஞ்சைப் பகுதியார் ‘செத்த நேரம்’ என்பர். அச்சிறு சொல் ஒரு கால எல்லையை வகுக்கிறது. ‘சற்று நேரம் அமைதியாய் இரு, பிறகு பேசலாம்’ என்னும் வாக்குறுதி அதனுள் அடங்கியுள்ளது. ஆதலின் குரல் உயர்ந்தாலும் ‘சும்மா இரு’ என்பது பிள்ளையின் மானத்தைக் கெடுப்பதில்லை.

வாய் பொத்திய வரலாறு

‘வாயை மூடு’, ‘வாயைப் பொத்து’ என்பனவற்றின் வரலாறு வேறு. ‘கைகட்டி வாய்பொத்தி நிற்றல்’ என்னும் தொடர் தமிழில் பழகிய ஒன்று. குருவின் முன்னிலையில் மாணாக்கன் கொள்ளும் பணிவுக் கோலமாக அது இருந்தது உண்மையே. ஆனால் அவ்வளவோடு நிற்கவில்லை. நிலமுடையவன் முன்னால் உழுபவனும், மேற்சாதியார் எனப்பட்டோர் முன்னால் ஒடுக்கப்பட்டோரும் அக்கோலத்தில் நிற்க வேண்டியிருந்தது. தன் மூச்சுக்காற்றும் மற்றவர்மேல் படலாகாது என்னும் கொடிய எண்ணம் அதில் மறைந்திருந்தது. பணிவின் அடையாளமாக இருந்த செயல், தாழ்வின் அடையாளமாக மாறிற்று. அச்செயலின் பெயரையே பிள்ளைக்கு ஏவற்சொல்லாக வழங்கும்போது, அந்தத் தாழ்வும் சொல்லோடு சேர்ந்து வந்துவிடுகிறது.

வாய் என்னும் சொல்லையொட்டி வாயாடி, வாய்க்கொழுப்பு, வாய் நீளம் என வசைச் சொற்கள் பல பெருகின. இவை ஆண் பெண் இருபாலார்க்கும் பொதுவாக இருந்தாலும் பெண்பிள்ளைகள்மேலேயே மிகுதியாக வீசப்பட்டன. ஓயாது பேசும் சிறுவனைச் ‘சுட்டி’ என்று மெச்சிய வீட்டிலேயே, ஓயாது பேசும் சிறுமி ‘வாயாடி’ என்று ஏசப்பட்டாள். ‘மற்றொருவர் வீட்டுக்குப் போகப் போகிறவள்’ என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

பள்ளியிலும் இருவேறு போக்குகள் இருந்தன. பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் ஆத்திசூடியையும் கொன்றை வேந்தனையும் எண்சுவடியையும் உரத்த குரலில் முறை வைத்துச் சொல்லிப் படித்தனர். அங்கே ஓசை அடங்கினால் படிப்பு நின்றுவிட்டது என்று பொருள். சட்டாம்பிள்ளையின் வேலை, பிள்ளைகளின் வாய் ஓயாமல் பார்த்துக்கொள்வதும் ஆகும். வகுப்புகளாகப் பிரிந்து, வரிசையாக அமர்ந்து, ஆசிரியர் ஒருவர் பேச மற்றையோர் கேட்கும் புதுமுறைப் பள்ளிக்கூடம் பரவிய பின்னரே மௌனம் ஒழுக்கத்தின் அளவுகோலாயிற்று. ‘சைலென்ஸ்’ என்னும் ஆங்கிலச் சொல் தமிழ் வகுப்பறைக்குள்ளும் புகுந்தது.

மாணாக்கன் அடங்கி இருத்தல் வேண்டும் என்பார் நன்னூலைச் சான்று காட்டுவர். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய அந்நூலின் பொதுப்பாயிரம், மாணாக்கன் ஓவியத்தில் எழுதிய பாவையைப்போல் அசையாதிருந்து, செவியே வாயாகப் பாடத்தைப் பருக வேண்டும் என்று கூறுவது உண்மை. ஆயினும் அப்பகுதியை முற்றும் படித்தோர் இன்னொரு கணக்கையும் அங்கே காண்பர். ஆசிரியர் சொன்னதைச் செம்மையாக உள்வாங்கினாலும் கிடைப்பது கால் பங்கு அறிவே. உடன் பயில்வோரோடு கலந்து பயிலுவதால் கிடைப்பது மற்றொரு கால் பங்கு. எஞ்சிய இரண்டு கால் பங்கும், கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதாலேயே நிறையும். அடங்கிக் கேட்பதற்குப் பவணந்தியார் அளித்த மதிப்பு நாலில் ஒன்று. வாய் திறந்து பயில்வதற்கும் உரைப்பதற்கும் அளித்த மதிப்பு நாலில் மூன்று. இக்கணக்கின் முற்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு பிற்பாதியை விட்டுவிட்டதே பிற்காலத்துப் பிழையாகும்.

தோட்டப்புறத்து மௌனம்

தமிழர் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிற் குடியேறியபோது இம்மூவகைச் சொற்களும் கப்பலேறி வந்தன. ஆனால் புதிய சூழல், கனிவுச் சொற்களைக் குறைத்துக் கடுஞ்சொற்களைப் பெருக்கிற்று. அதற்குக் காரணங்கள் தெளிவானவை.

விடியுமுன் எழுந்து பெரட்டுக்குச் செல்ல வேண்டிய தாயும் தந்தையும் இரவில் அயர்ந்து உறங்க வேண்டியிருந்தது. லயத்து வீடுகள் வரிசையாக ஒட்டிக் கட்டப்பட்டவை. ஒரு வீட்டுக் குழந்தையின் அழுகை பக்கத்து வீட்டாரின் உறக்கத்தையும் கெடுத்தது. தாய் வேலைக்காட்டுக்குச் சென்றபின் குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் விடப்பட்டனர். பல குழந்தைகளை ஒருங்கே பார்த்துக்கொண்ட ஆயாவால் ஒவ்வொன்றுக்கும் தாலாட்டுப் பாட இயலுமா? உரத்த அதட்டல் ஒன்றே எல்லாரையும் ஒருசேர அடக்கிற்று.

பள்ளியின் நிலையும் அத்தகையதே. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர்க்குக் குறையாமல் உள்ள தோட்டங்கள் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஆசிரியர் ஒருவரே. ஒரே கூடத்தில் பல வகுப்புகள். ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற வகுப்பினர் வாய் திறவாதிருக்க வேண்டும். ஆசிரியரின் கையிலிருந்த பிரம்பும் ‘மூச்’ என்னும் சொல்லும் அக்கூடத்தை நடத்தின. அவ்வாசிரியர்களைக் குறைகூறுவது நியாயமன்று. குறைந்த ஊதியத்தில் நால்வர் வேலையை ஒருவர் செய்தார் என்பதே உண்மை.

இவற்றுக்கெல்லாம் மேலாகப் பெற்றோரே வாய்மூடி வாழ வேண்டியிருந்தது. துரைக்கும் கிராணிக்கும் கங்காணிக்கும் எதிராக ஒரு சொல் சொன்னவன் வேலையை இழந்தான். வேலையோடு வீட்டையும் இழந்தான். 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முன்வைத்த கோரிக்கைகள் இதற்குச் சான்று பகரும். சீனத் தொழிலாளர்க்கு ஒத்த ஊதியம் கேட்டதோடு, வெள்ளைக்கார அதிகாரிகளையும் ஆசிய அலுவலர்களையும் கண்டால் சைக்கிளைவிட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்குமாறும், பிள்ளைகளுக்கு முறையான கல்வி தருமாறும், பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் வழங்குமாறும் அவர்கள் கேட்டனர். அவர்களை ஒன்றுதிரட்டிய ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படையினரின் துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிர் துறந்தனர்.

பேச்சுரிமையும் பிள்ளைகளின் கல்வியும் ஒரே கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றமை சிந்திக்கத் தக்கது. பகலில் வெளியே பொத்திய வாயை இரவில் வீட்டுக்குள் திறந்த தந்தை, தான் கேட்ட சொற்களையே பிள்ளையிடம் சொன்னான். ‘எதிர்த்துப் பேசாதே’ என்று அவன் அதட்டியதில் அதிகாரம் மட்டுமன்று, அச்சமும் இருந்தது. எதிர்த்துப் பேசியவர்களுக்கு நேர்ந்ததை அவன் கண்டவன். பிள்ளையைக் காப்பதாக எண்ணியே அவன் அதன் வாயை அடைத்தான்.

அச்சுறுத்தும் வகையும் புதிய மண்ணிற் புதிய முகம் கொண்டது. திருநீறு பூசிய ஆண்டியே பூச்சாண்டி ஆனான் என்பர். தமிழகத்தில் பூச்சாண்டியும் பிள்ளை பிடிக்கிறவனும் செய்த வேலையை இங்கே காவலரும் செய்யலாயினர். காவலரை மலாய் மொழியில் முன்னர் ‘மாத்தா மாத்தா’ என்று வழங்கினர். ‘மாத்தா வருகிறான்’ என்றால் அழுகை நிற்கும். உதவி நாடிச் செல்ல வேண்டியவரைக் கண்டு ஓடி ஒளியும் மனப்பான்மை பிள்ளைப் பருவத்திலேயே இவ்வாறு விதைக்கப்பட்டது.

மலாய் மொழியின் ‘டியாம்’ என்னும் சொல்லும் தமிழர் வீடுகளுக்குள் வந்தது. அமைதியாயிரு என்பதே அதன் பொருள். மலாய்க்காரர் தம் மொழியில் அதனோடு ‘லா’ என்னும் ஒட்டைச் சேர்த்து மென்மையாக்குவர். ‘தோலோங்’ என்னும் வேண்டுகோட் சொல்லை முன்வைத்துப் பணிவாக்குவர். தமிழ் வீட்டுக்குள் வரும்போது அம்மென்மை வெளியே நின்றுவிட, வெட்டுச் சொல் மட்டும் உள்ளே வந்தது. பிற மொழியிலிருந்து அதட்டலைக் கடன் வாங்குவோர், அம்மொழியின் பண்பாட்டையும் சேர்த்து வாங்குவதில்லை.

மேடையும் வீடும்

இந்நிலைக்கு மாற்றும் இம்மண்ணிலேயே தோன்றியது. 1935ஆம் ஆண்டில் சிங்கப்பூரில் தமிழ் முரசைத் தொடங்கிய தமிழவேள் கோ. சாரங்கபாணி, 1952ஆம் ஆண்டில் தமிழர் திருநாளைத் தோற்றுவித்தார். அதனையொட்டிப் பேச்சுப் போட்டிகளும் கலை நிகழ்ச்சிகளும் பெருகின. 1950களில் அவ்விதழின் மாணவர் மணிமன்றம் இளையோரின் எழுத்துக்கு இடமளித்தது. பின்னாளில் எழுத்தாளராகவும் ஆசிரியராகவும் விளங்கியோர் பலர் அதில் எழுதிப் பழகியவர்கள். வீட்டில் ‘வாயை மூடு’ என்று கேட்ட பிள்ளை, மேடையில் ‘வாய் திறந்து பேசு’ என்னும் சொல்லைக் கேட்டது. பாரதியார் தம் புதிய ஆத்திசூடியின் முதற் கட்டளையாக அச்சத்தை நீக்கச் சொன்னதன் பொருளை அம்மேடைகள் செயலாக்கின.

எனினும் மேடைப் பேச்சு வீட்டுப் பேச்சுக்கு ஈடாகாது. மனப்பாடம் செய்த ஐந்து நிமிடப் பேச்சைத் தங்குதடையின்றி முழங்கும் பிள்ளை, இறங்கிவந்தபின் தன் தாயிடம் தமிழில் ஒரு செய்தியை விளக்க இயலாமல் தடுமாறுவதுண்டு. சிங்கப்பூரின் கடைசித் தமிழ்வழிப் பள்ளியான உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப்பள்ளி 1982ஆம் ஆண்டில் மூடப்பட்டது. தோட்டத் துண்டாடலுக்குப் பின் நகர்ப்புறம் வந்த மலேசியத் தமிழரும், அடுக்குமாடிகளிற் குடியேறிய சிங்கப்பூர்த் தமிழரும் மெல்லிய சுவர்களுக்குள் மீண்டும் ‘சத்தம் போடாதே’ என்று சொல்ல வேண்டியவர்களாயினர்.

சிங்கப்பூர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புகள் ஒரு செய்தியைத் தெளிவாக உணர்த்துகின்றன. வீட்டில் ஆங்கிலத்தையே மிகுதியாகப் பேசும் இந்தியர் 2010ஆம் ஆண்டில் 41.6 விழுக்காட்டினர், 2020ஆம் ஆண்டில் 59.2 விழுக்காட்டினர். தமிழை மிகுதியாகப் பேசுவோர் 36.7 விழுக்காட்டிலிருந்து 27.9 விழுக்காட்டுக்குக் குறைந்தனர். மொழி மாற்றத்துக்குக் கல்வி, வேலைவாய்ப்பு எனப் பல காரணங்கள் உண்டு. ஆயினும் ஆங்கிலம் நுழைந்த இல்லத்தில் எஞ்சி நிற்கும் தமிழ் எத்தகையது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘வா’, ‘சாப்பிடு’, ‘படு’, ‘பேசாதே’ என்னும் ஏவற்சொற்கள் எஞ்சுகின்றன. பாராட்டும் விளக்கமும் கதையும் ஆங்கிலத்திற்கு மாறிவிடுகின்றன. அன்பும் அறிவும் ஒரு மொழியிலும், அதட்டல் மற்றொரு மொழியிலும் வருமாயின், பிள்ளையின் மனம் எதை நாடும் என்பதை விளக்க வேண்டுவதில்லை.

இக்காலத்தில் இன்னொரு மாற்றமும் நேர்ந்துள்ளது. அழும் குழந்தையின் கையில் கைப்பேசியைக் கொடுத்தால் அழுகை நிற்கிறது. தாலாட்டும் தேவையில்லை, அதட்டலும் தேவையில்லை. பணிவான சொல்லும் கடுமையான சொல்லும் ஒருசேர மறைந்து, சொல்லே இல்லாத அமைதி குடிகொள்கிறது. கடுஞ்சொல் மறைந்தது நன்மையே. ஆனால் அக்கடுஞ்சொல்லோடு தாயின் தமிழும் போய்விட்டது. ‘சும்மா இரு’ என்றேனும் தமிழிற் கேட்ட பிள்ளைக்கும், எதையுமே கேளாத பிள்ளைக்கும் வேறுபாடு பெரிது.

ஆசிரியர்க்கும் பெற்றோர்க்கும்

ஐக்கிய நாடுகள் அவை 1989ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தன்னைப் பற்றிய செய்திகளில் தன் கருத்தைச் சொல்லும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995ஆம் ஆண்டில் அவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தன. அப்போது சிங்கப்பூர், அத்தகைய உரிமைகள் பெற்றோர்க்கும் பள்ளிக்கும் உரிய அதிகாரத்தை மதித்துப் பயன்படுத்தப்பட வேண்டும் என்னும் விளக்கத்தையும் சேர்த்துக்கொண்டது. பேசும் உரிமையும் பெரியோரை மதிக்கும் மரபும் எவ்வாறு இணங்கி வாழ்வது என்னும் வினா அதனால் தீர்ந்துவிடவில்லை. அதனை நாள்தோறும் தீர்க்க வேண்டியவர்கள் வீட்டிற் பெற்றோரும் வகுப்பில் ஆசிரியருமே.

அமைதியே வேண்டா என்பது இதன் கருத்தன்று. நோயாளி உறங்கும் வீட்டிலும் பாடம் நடக்கும் வகுப்பிலும் அமைதி வேண்டும். அதைக் கேட்கும் சொல் எது என்பதே வினா. முன்னோர் வழக்கிலிருந்து மூன்று நெறிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, காரணம் கூறுதல். ‘வாயை மூடு’ என்பதைவிட ‘பாட்டி உறங்குகிறார், மெல்லப் பேசம்மா’ என்பது பிள்ளைக்குப் பிறர் துன்பத்தை உணர்த்துகிறது. இரண்டாவது, கால எல்லை கூறுதல். ‘சற்று நேரம்’ என்ற சொல் அமைதியைத் தண்டனை ஆக்காமல் காக்கிறது. மூன்றாவது, எல்லை முடிந்தபின் கேட்டல். ‘இப்போது சொல், என்ன சொல்ல வந்தாய்?’ என்னும் ஒரு வினா, முன்னர் இட்ட கட்டளையின் கடுமையை முற்றும் துடைத்துவிடும். இம்மூன்றாவதை மறப்பவர்களே மிகப் பலர்.

தமிழாசிரியர்க்குக் கூடுதற் பொறுப்பு உண்டு. சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பின் பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் உரிய இடம் வகுக்கப்பட்டது. மலேசியாவில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பிள்ளைகள் தமிழைக் கேட்டும் பேசியும் வளர்கின்றனர். அவ்வகுப்புகள் ஓசையின்றி இருப்பதே சிறப்பு என்று எண்ணும் தலைமை, தமிழுக்கு நன்மை செய்வதாகாது. பிழையாகப் பேசினாலும் பேசும் பிள்ளையே நாளை பிழையின்றிப் பேசும். ‘தவறு, உட்கார்’ என்று அடக்கப்பட்ட பிள்ளை, அடுத்த முறை பிழையற்ற மௌனத்தையே தேர்ந்துகொள்ளும்.

உள்ளத்தில் நிகழ்வதை உண்மை என்றும், வாயில் நிகழ்வதை வாய்மை என்றும், உடம்பில் நிகழ்வதை மெய்ம்மை என்றும் தமிழறிஞர் விளக்குவர். வாயைச் சுட்டி வசை பெருக்கிய அதே மொழிதான், அந்த வாயிலிருந்தே வாய்மை என்னும் உயர்ந்த சொல்லையும் ஆக்கிக்கொண்டது. அஞ்சி மூடிய வாயிலிருந்து அது பிறப்பதில்லை. பவணந்தியார் வகுத்த நாலு பங்கில், கேட்டலாகிய ஒரு பங்கைக் கனிந்த சொல்லாற் பெற்றுக்கொண்டு, உரைத்தலும் உசாவுதலுமாகிய மூன்று பங்கைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கும் இல்லங்களிலும் பள்ளிகளிலும் தமிழ் ஒலித்துக்கொண்டே இருக்கும்.